சொம்புவுக்குப் பாலிசி எடுத்த கதை

ராஜாராம் தன் நாய்க்கு ஹெல்த் இன்சூரன்ஸ் எடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து ஆதிநாராயணனுக்குச் சோறு இறங்கவில்லை.

செஞ்சி பஜாரில் ஆதிநாராயணனுக்குப் பாத்திரக்கடை. நேர் எதிரே ராஜாராமுக்கு ஜவுளிக்கடை. இருவருக்கும் சண்டை ஒன்றும் கிடையாது. ராஜாராம் கடைக்குக் கண்ணாடிக் கதவு போட்டார். ஆதிநாராயணனும் கண்ணாடிக் கதவு போட்டு, அதில் கூடுதலாகப் பிள்ளையார் படம் ஒட்டினார். ராஜாராம் மகளை இன்ஜினீயரிங் சேர்த்தார். ஆதிநாராயணன் தன் மகனை, அவன் வேண்டாம் வேண்டாம் என்று அழுத பிறகும், இன்ஜினீயரிங்கிலேயே சேர்த்தார். இப்படி எல்லாம் ஒழுங்காக, சரிசமமாகப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் இந்த நாய் வந்து கெடுத்துவிட்டது.

ராஜாராமின் நாய் லாப்ரடார் ஜாதி. பெயர் பிரின்ஸ். கல்லாவுக்குப் பக்கத்தில் மெத்தை போட்டுப் படுத்திருக்கும். ‘சர்வஜீவன் பெட் ஹெல்த் இன்சூரன்ஸ்’ என்ற கம்பெனி அதற்கு ஒரு பிளாஸ்டிக் அட்டை கொடுத்திருந்தது. ராஜாராம் அந்த அட்டையைச் சட்டம் போட்டு லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அதற்கும் ஒரு முழம் பூ வைத்தார். அதைக்கூட ஆதிநாராயணன் பொறுத்துக்கொண்டார். ஆனால் பிரின்ஸ் கடையிலிருந்த ஒரு ஜோடி சாக்ஸை விழுங்கி, அதற்கு ஆபரேஷன் ஆகி, திரும்பி வந்த பிறகு ராஜாராம் பஜார் முழுக்கச் சொன்ன கதை இருக்கிறதே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

“சென்னையிலதான் ஆபரேஷன். ஏசி ரூம். நாய்க்கு ஒரு கட்டிலு, கூடப் போன எனக்கு ஒரு கட்டிலு. ஒரு பைசா கையில இருந்து போடல. எல்லாம் கம்பெனி பாத்துக்கிச்சு. டிஸ்சார்ஜ் அன்னிக்கு பொக்கே குடுத்தான்யா, பொக்கே!” என்று டீக்கடையில் நின்று சொன்னார் ராஜாராம்.

போன வருஷம் ஆதிநாராயணன் ஏணியிலிருந்து அண்டாக்களோடு சேர்ந்து கீழே விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். அவருக்கு யாரும் பூங்கொத்து கொடுக்கவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அண்டா நசுங்கவில்லையே என்றுதான் கேட்டார்கள். ஒரு நாய்க்குக் கிடைத்த மரியாதை தனக்குக் கிடைக்கவில்லையே என்று நினைத்தபோது அவருக்கு வயிறு நிஜமாகவே எரிந்தது. மோர் குடித்துப் பார்த்தார். அடங்கவில்லை.

ஆதிநாராயணனிடமும் ஒரு நாய் இருந்தது. அவர் வளர்த்தார் என்று சொல்வது தவறு. அது கடைவாசலில் இருந்தது, அவ்வளவுதான். பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்து ஒரு காது மடிந்திருக்கும். குட்டியாக இருந்தபோது ஒரு பித்தளைச் சொம்புக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்டதால் அதற்குச் சொம்பு என்று பெயர். சோறு வைத்தது எல்லாம் அவர் மனைவி சாந்திதான்.

“சாந்தி, நம்ம சொம்புவுக்கும் ஒரு பாலிசி போட்டுடலாம்னு பாக்கறேன்” என்றார் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில்.

சாந்தி ரசத்தை ஊற்றிக்கொண்டே அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “இன்னாத்துக்கு? அதுக்கு வருஷத்துல ஒருவாட்டி வயித்தால போவுது. அதுவே போயி ரெண்டு அருகம்புல்லத் தின்னுட்டு வந்து படுத்துக்குது. மீறி எதுனா வந்தா கவர்மெண்டு மாட்டாஸ்பத்திரி இருக்குது. வருஷா வருஷம் கம்பெனிக்குக் கட்டற காசுல சொம்புவுக்கு தெனம் முட்டை போடலாம்.”

“மாட்டாஸ்பத்திரியாம்! அங்க மாடு வரும்டீ.”

“வந்தா இன்னா? மாடு நம்ம நாயிக்கு ஊசி போடவா போவுது?”

நியாயமாகப் பார்த்தால் நாய் இன்சூரன்ஸ் தேவையா இல்லையா என்ற ஆராய்ச்சி அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. ஆனால் கையைக் கழுவிவிட்டு வாசலுக்கு வந்தவர் கண்ணில் எதிர்க்கடையின் சட்டம் போட்ட அட்டை பளிச்சென்று பட்டது. ஆராய்ச்சி மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது.

உடனே கம்பெனிக்குப் போன் போட்டார். மறுநாளே அங்கிருந்து ஏஜெண்டு விமல்ராஜ் வந்தான். கழுத்தில் டை, கையில் டேப்லெட், முதுகில் பை. செஞ்சியின் வெயிலுக்கு டை கட்டிக்கொண்டு வருகிறவன் பொய் சொல்ல மாட்டான் என்று ஆதிநாராயணனுக்கு உடனே தோன்றிவிட்டது.

“சார், மத்தவங்கல்லாம் நாயை நாயாப் பாக்கறாங்க. எங்க கம்பெனி மட்டும்தான் சார் அதை ஒரு வாடிக்கையாளராப் பாக்குது. உங்களுக்கும் நாய்க்கும் நடுவுல நாங்க வரவே மாட்டோம். நாய்க்கு ஒண்ணு ஆனா நீங்கதான் பாத்துக்கணும், அந்த உரிமையை நாங்க பறிக்க மாட்டோம்” என்றான் விமல்ராஜ்.

ஆதிநாராயணனுக்குக் கண் கலங்கியது. “எல்லா வியாதிக்கும் உண்டா தம்பி?”

“எல்லாத்துக்கும் சார். கடி, அடி, விழறது, வண்டி மோதறது, குரங்கு கிள்றது, ஏற்கெனவே இருக்கிற வியாதி, பரம்பரையா வர வியாதி, சீசன்ல வர வியாதி, இதெல்லாம் நீங்கலா மத்த எல்லா வியாதிக்கும் உண்டு.”

“அப்ப ராஜாராம் நாய்க்கு எவ்ளோ போட்டிருக்காரோ, அதைவிட ஒரு ரூபா அதிகமாப் போடு.”

விமல்ராஜ் டேப்லெட்டைத் தட்டினான். நாயின் ஜாதி என்ற இடத்தில் அவன் விரல் நின்றுவிட்டது. பட்டியலில் எழுபது எண்பது ஜாதி இருந்தது. தெருநாய் மட்டும் இல்லை. அவன் சொம்புவைச் சுற்றி ஒரு முறை வந்தான். பிறகு, “காது நிமிர்ந்திருக்கிற பக்கமா பாத்தா ஜெர்மன் ஷெப்பர்டு மாதிரிதான் சார் இருக்குது” என்று சொல்லி அப்படியே பதிவு செய்தான். அன்று மாலைக்குள், சிங்கவரம் ரோட்டில் ஒரு சாக்கடைக் குழாயில் பிறந்த நாய் ஜெர்மனிக்காரன் ஆகிவிட்டது.

“ரெண்டு நாள்ல வீடியோவுல ஆய்வு பண்ணுவாங்க. நாய்க்கு அடையாளம் மட்டும் பளிச்சுன்னு தெரியணும் சார்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

இந்த அடையாளம் என்ற விஷயத்தில்தான் ஆதிநாராயணன் கொஞ்சம் சறுக்கிவிட்டார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. சிங்கவரத்தில் சாந்தியின் தம்பி வைத்திருந்த கறவை மாட்டுக்கு இன்சூரன்ஸ் உண்டு. அதன் காதில் மஞ்சளாக ஒரு வில்லை குத்தியிருந்தார்கள். வில்லை இல்லாவிட்டால் மாடு செத்தாலும் சல்லிக்காசு பெயராது என்று மச்சான் சொல்லக் கேட்டிருக்கிறார். மாட்டுக்கு வில்லை என்றால் நாய்க்கும் வில்லைதானே? கம்பெனிக்காரன் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் நாமாகவே செய்து வைப்பதுதான் கெட்டிக்காரத்தனம் என்று முடிவு செய்தார்.

மஞ்சள் பிளாஸ்டிக் எல்லாம் மாட்டுக்கு. பாத்திரக்கடைக்காரர் நாய்க்குப் பித்தளை. அவரே நல்ல கனமான தகடாகப் பார்த்து வட்டமாக வெட்டினார். கல்யாணச் சீர்வரிசைப் பாத்திரங்களில் பெயர் வெட்டும் மெஷினை எடுத்து, ‘சொம்பு, த/பெ ஆதிநாராயணன், செஞ்சி’ என்று வெட்டினார். பழக்க தோஷத்தில் கீழே ‘அன்பளிப்பு’ என்றும் வெட்டிவிட்டார். அதை அழிக்க முடியவில்லை.

அடுத்து காது குத்த வேண்டும். பஜாரில் குழந்தைகளுக்குக் காது குத்தும் ஆசாரியைக் கூப்பிட்டார்கள். ஆசாரி நாயைப் பார்த்தார், ஆதிநாராயணனைப் பார்த்தார், பிறகு தொழில் முறையில் ஒன்றே ஒன்று கேட்டார்: “தாய்மாமன் வந்துட்டாரா?”

சாந்தியின் தம்பிக்குப் போன் போனது. அவன் சிங்கவரத்திலிருந்து சைக்கிளில் வந்து, கடைக்குள் சப்பணம் போட்டு உட்கார்ந்து, சொம்புவை மடியில் வைத்துக்கொண்டான். “மாமா, மொட்டை அடிக்கணுமா?” என்று மட்டும் கேட்டான். சாந்தி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இடது காதில் ஊசி இறங்கியதும் சொம்பு போட்ட சத்தம் செஞ்சிக் கோட்டை இருக்கும் ராஜகிரி மலையில் பட்டுத் திரும்பி வந்தது. வந்தவர்களுக்கு எல்லாம் ஆதிநாராயணன் சர்க்கரை கொடுத்தார். எதிர்க்கடை வாசலில் ராஜாராம் வந்து நின்று, கண்ணை இடுக்கி, அந்தப் பித்தளை வில்லையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆதிநாராயணனுக்குப் பல மாதம் கழித்து அன்று வயிறு குளிர்ந்தது.

வீடியோ ஆய்வுக்கு சென்னை தலைமை அலுவலகத்திலிருந்து ஸ்ரீநிதி என்ற அதிகாரி வந்தார். திரையில்தான் வந்தார். பின்னால் ஒரு பனிமலைப் படம்.

“குட் மார்னிங் சார். நாயைக் கொஞ்சம் புன்னகையோட காட்டுங்க. இடது காதுல என்ன சார் அது?”

“வில்லைம்மா. நானே வெட்டினேன். அசல் பித்தளை.”

“ஓட்டை போட்டிருக்கீங்களே.”

“ஓட்டை போடாம எப்படிம்மா மாட்டறது?”

ஸ்ரீநிதி எதையோ தட்டினார். “சாரி சார். இடது காதுல ஏற்கெனவே காயம் இருக்கு. அதனால இடது காது எங்க பொறுப்புல வராது. அந்தக் காது நீங்கலா மீதி நாயை நாங்க எடுத்துக்கறோம்.”

“மொத்த நாயும் நம்மளுதுதாம்மா.”

“உங்களுதுதான் சார். எங்களுக்குத்தான் ஒரு காது குறைச்சல்.” அவர் மறுபடியும் தட்டினார். முகம் மாறியது. “சார், உங்க ஊரு கோட்டைன்னு வருது.”

“ஆமாம்மா. செஞ்சிக் கோட்டை. உலகம் பூரா தெரியுமே.”

“கோட்டை எங்க சிஸ்டத்துல ராணுவ இடம் சார். போர்ப் பகுதியில வசிக்கிற நாய்களுக்கு நாங்க பாலிசி தர்றதில்லை.”

ஆதிநாராயணன் திரும்பி வெளியே பார்த்தார். திண்டிவனம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஒரு பெண்மணி கத்தரிக்காய் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். “இங்க போர் ஒண்ணும் நடக்கலையேம்மா. கடைசிச் சண்டை முடிஞ்சே எரநூறு வருசத்துக்கு மேல ஆச்சு.”

“முடிஞ்சதுக்கு ஆதாரம் ஏதாவது வச்சிருக்கீங்களா சார்?”

அப்போது ஆதிநாராயணனுக்கு மூளை வேலை செய்தது. பொறாமை பிடித்தவனுக்கு வேலை செய்கிற மாதிரி யாருக்கும் செய்யாது. “இரும்மா” என்று சொல்லிவிட்டு மொபெட்டை எடுத்துக்கொண்டு கோட்டைக்கு ஓடினார். நுழைவுச்சீட்டு ஒன்று வாங்கிக்கொண்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். “பாரும்மா. ஜனங்க டிக்கெட் எடுத்துனு சுத்திப் பாக்கப் போறாங்க. சண்டை நடக்கிற எடத்துக்கு டிக்கெட் போடுவாங்களா?”

ஸ்ரீநிதி தன் மேலதிகாரியைக் கேட்டுவிட்டு வந்தார். “ஏத்துக்கறோம் சார். ஆனா டிக்கெட்டுல இன்னைக்குத் தேதிதான் இருக்கு. இன்னைக்கு அமைதின்னு நிரூபிச்சிட்டீங்க. க்ளெய்ம் வர அன்னைக்கும் ஒரு டிக்கெட் அனுப்பிடுங்க. எங்களுக்கு உங்க ஊரு மேல முழு நம்பிக்கை இருக்கு.”

இவ்வளவுக்குப் பிறகு அட்டை வந்தது. ஆதிநாராயணன் ராஜாராமுடைய சட்டத்தைவிட ஒரு விரல்கடை பெரிய சட்டமாகப் போட்டு, கதவுக்கு நேரே மாட்டினார். இடது காது விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை.

அதோடு வயிற்றெரிச்சல் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. அட்டை யார் வேண்டுமானாலும் மாட்டலாம். ஏசி ரூமில் படுத்த நாய் அவரிடம் இல்லையே! சொம்புவுக்கோ ஆரோக்கியம் என்றால் அப்படியொரு ஆரோக்கியம். குப்பைத்தொட்டியில் ஊசிப்போன பிரியாணியைத் தின்றுவிட்டு வந்து ஏப்பம் விட்டது. மழையில் நனைந்தது, தும்மக்கூட இல்லை. ஆதிநாராயணன் தினமும் காலையில் வந்ததும் அதன் மூக்கைத் தொட்டுப் பார்ப்பார். ஜில்லென்று இருக்கும். மனம் உடைந்துபோகும்.

“இதுக்கு ஒண்ணும் வரமாட்டேங்குதே சாந்தி. கட்டின காசெல்லாம் வீணாப் போவுது” என்றார்.

“உங்க வாயில நல்லதே வராதா?” என்று சாந்தி சீறினாள். “வாயில்லாத ஜீவனுக்கு நோவு வரணும்னு வேண்டிக்கிற ஆள இப்பத்தான் பாக்கறேன்.”

வாய் முகூர்த்தமோ என்னவோ, அடுத்த வாரத்திலேயே சொம்பு சோற்றைத் தொடவில்லை. அன்று மாலை வாசலில் படுத்தது. மறுநாள் காலையில் எழுந்திருக்கவே இல்லை. மூக்கைத் தொட்டுப் பார்த்தார். கொதித்தது.

அந்த முதல் கணத்தில் ஆதிநாராயணன் மனசுக்குள் ஒரு பட்டாசு வெடித்தது என்பதை மறைத்துப் பயனில்லை. சென்னை, ஏசி ரூம், பொக்கே எல்லாம் கண் முன்னால் வந்து போயின. ஆனால் அவர் கையை எடுக்கப் போனபோது சொம்பு கண்ணைத் திறக்காமலே அந்தக் கையை ஒரு தரம் நக்கியது. நாக்கு சூடாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அவர் அதற்கு ஒரு கவளம் சோறு போட்டதில்லை. பட்டாசு நமத்துப்போயிற்று.

கம்பெனிக்குப் போன் போட்டார். ஸ்ரீநிதியே கிடைத்தார். சொம்பு நேற்றிலிருந்து காய்ச்சலில் கிடப்பதை ஆதிநாராயணன் சொன்னார்.

“கேக்கவே ரொம்ப வருத்தமா இருக்கு சார். இப்ப நான் உங்களுக்குப் பரிவு தெரிவிக்கணும். அதுக்கு எனக்கு ஒரு நிமிஷம் குடுத்திருக்காங்க. சொம்பு எங்க குடும்பத்துல ஒருத்தர் மாதிரி. சரி சார், நிமிஷம் முடிஞ்சிடுச்சு. எங்க நெட்வொர்க் ஆஸ்பத்திரி சென்னையில இருக்கு. அட்மிட் பண்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே தகவல் குடுக்கணும்.”

“நோவு வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி எப்படிம்மா தெரியும்?”

“அதுக்குத்தான் சார் நாய்கிட்ட நேரம் செலவழிங்கன்னு நாங்க எப்பவும் சொல்றோம். சரி, அவசரம்ங்கறதால வீடியோவுல பாத்துடறேன். உடம்பைக் காட்டுங்க. நிறுத்துங்க. காதுக்குள்ள என்ன அது?”

காதுக்குள், பித்தளை வில்லைக்குப் பின்னால், மொச்சைக்கொட்டை மாதிரி இரண்டு உண்ணிகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

“உண்ணிம்மா. உண்ணிக் காய்ச்சல் போல இருக்குது. சீக்கிரம் சொல்லும்மா, நாயி மூச்சு வாங்குது.”

“எந்தக் காது சார்?”

ஆதிநாராயணன் வில்லையை விரலால் மறைத்துக்கொண்டார். “இடது.”

“இடது காது எங்க பொறுப்பு இல்லையே சார்.”

“காய்ச்சல் ஒடம்புக்கு வந்திருக்குதும்மா! காதுக்கு மட்டுமா வந்திருக்குது?”

“உள்ள வந்த வாசல் எங்களுது இல்ல சார். உங்க காது வழியா எங்க நாய்க்கு நோய் வந்திருக்கு. நியாயமாப் பாத்தா நாங்கதான் உங்ககிட்ட நஷ்டஈடு கேக்கணும். பழைய வாடிக்கையாளர்ங்கறதால விட்டுடறோம்.”

“கோட்டை டிக்கெட்டு இன்னா வேணாலும் வாங்கியாறேம்மா…”

“காய்ச்சல் நேத்து ஆரம்பிச்சதா சொன்னீங்க சார். இன்னைக்கு டிக்கெட் வாங்கினா இன்னைக்குத்தான் அமைதி. உங்க அழைப்பு எங்களுக்கு முக்கியம். அஞ்சு நட்சத்திரம் போட மறக்காதீங்க.”

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால், சாந்தி ஆட்டோவை நிறுத்திவிட்டு நிற்கிறாள். “மெதுவா நட்சத்திரம் போட்டுக்கலாம். மொதல்ல அதத் தூக்குங்க” என்றாள்.

மடியில் நாயோடு ஆட்டோவில் போகும்போது ஆதிநாராயணன் அழுதார். சத்தம் போட்டே அழுதார். “நான்தான்டீ வேண்டிக்கினேன். என் வாய்தான்” என்றார். சாந்தி இல்லை என்று சொல்லவில்லை.

கவர்மெண்டு கால்நடை ஆஸ்பத்திரியில் மூன்று மாடு, ஒரு கன்றுக்குட்டி, நாலைந்து ஆடு காத்திருந்தன. டாக்டர் கலைச்செல்வி நாயின் ஈறை விலக்கிப் பார்த்தார். வெளுத்துப்போயிருந்தது. “இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா கஷ்டம். முன்னாடியே தூக்கினு வர்றதுக்கு இன்னா?”

“இன்சூரன்ஸ் இருக்குதுங்க டாக்டர்” என்றார் ஆதிநாராயணன், வேறு என்ன சொல்வது என்று தெரியாமல்.

“இருக்கட்டும். தலையப் புடிங்க.”

ஊசி போட்டார், ரத்தம் எடுத்தார், உண்ணியைப் பிடுங்கினார், காதிலிருந்த வில்லையைக் கழற்றி, அதில் ‘அன்பளிப்பு’ என்று இருப்பதைப் படித்துவிட்டு ஆதிநாராயணன் கையிலேயே கொடுத்தார். ஜன்னல் கம்பியில் குளுக்கோஸ் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டார்கள். தொடர்ந்து சில நாள் கூட்டிவரச் சொன்னார்.

மூன்றாம் நாள் சொம்பு தலையைத் தூக்கி வாலை ஒரு தரம் ஆட்டியது. ஆதிநாராயணன் சந்தோஷத்தில் முகம் கழுவத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனார். அங்கே தொட்டிக்குப் பின்னால் யாரோ பதுங்குவது போல் இருந்தது. மடித்துக்கட்டிய வெள்ளை வேட்டி. கூடவே ஒரு லாப்ரடார்.

“வாங்க ராஜாராம்” என்று உள்ளேயிருந்து டாக்டர் குரல் கொடுத்தார். “எதுக்கு அங்கியே நிக்கறீங்க? இன்னைக்கு இன்னா, மறுபடியும் சாக்ஸா? போன தடவ நான் போட்ட தையலு ஆறிடுச்சா?”

ராஜாராம் மெல்ல எழுந்து நின்றார். ஆதிநாராயணன் அவரைப் பார்த்தார். அவர் ஆதிநாராயணனைப் பார்த்தார். பிறகு இருவரும் சேர்ந்தாற்போல் கோட்டை மலையைப் பார்த்தார்கள்.

“சும்மா… நகம் வெட்டலாம்னு வந்தேன்” என்றார் ராஜாராம்.

“நானும் சும்மாதான். தடுப்பூசி” என்றார் ஆதிநாராயணன். உள்ளே குளுக்கோஸ் பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

ஏசி ரூம் இல்லை. கட்டில் இல்லை. பொக்கேயும் இல்லை. அன்று மத்தியானம் ஆதிநாராயணன் மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். இவ்வளவு ருசியான ரசத்தை சாந்தி வைத்ததே இல்லை என்று சொன்னார். அது முந்தின நாள் ரசம்.

சொம்பு தேறி, பழையபடி குப்பைத்தொட்டிக்குப் போக ஆரம்பித்தது. இப்போது ஆதிநாராயணனே அதற்குத் தினம் ஒரு முட்டை வேகவைத்து, ஓடு உரித்துப் போட்டார். பாலிசியைப் புதுப்பிக்கிற நாளும் வந்தது.

“இந்த வருசம் கட்டாதீங்க” என்றாள் சாந்தி. “அந்தக் கம்பெனிக்காரன் மூஞ்சியிலேயே சொல்லுங்க. நகைக்கடை ஹரிகிருஷ்ணன் நாயி வாங்கியிருக்காராம், நம்மளக் கேட்டுட்டுதான் பாலிசி போடணும்னு சொல்லினு இருந்தாராம். அவருகிட்டயும் நெசத்தச் சொல்லிடுங்க. நாம ஏமாந்தது நம்மளோட போவட்டும்.”

“சொல்லிடறேன். சொம்பு மேல சத்தியமா சொல்லிடறேன்” என்றார் ஆதிநாராயணன். உண்மையாகத்தான் சொன்னார்.

டீக்கடை பெஞ்சில் ஆதிநாராயணனும் ராஜாராமும் உட்கார்ந்திருந்தார்கள். ஆஸ்பத்திரிச் சந்திப்புக்குப் பிறகு ஒருவரையொருவர் கண்ணுக்குள் வைத்துக் காவல் காப்பது அவசியமாகிவிட்டதால் சேர்ந்தே டீ குடித்தார்கள். விமல்ராஜ் அதே டையோடு வந்தான். முகமெல்லாம் பல்.

“சார், எங்க கம்பெனியில செஞ்சிதான் சார் நம்பர் ஒன்! மத்த ஊர்ல எல்லாம் க்ளெய்ம் வரலைன்னு ஜனங்க கத்தறாங்க, கேஸ் போடறாங்க. இங்க ஒரு புகார் கிடையாது. நாங்க இதுவரைக்கும் இந்த ஊர்ல யாருக்கும் ஒத்த ரூபா குடுத்ததில்ல சார். ஆனா விசாரிச்சா எல்லாரும் வாங்கிட்டோம், முழுசா வாங்கிட்டோம்ங்கறாங்க. எப்படின்னு எங்களுக்கே புரியல. ஹெட் ஆபீஸ்ல உங்க ஊரைப் பத்தி ஒரு மீட்டிங்கே போட்டாங்க. செஞ்சி மாதிரி நூறு ஊர் இருந்தா போதும், விளம்பரமே தேவையில்லன்னு எம்.டி. சொன்னாராம்.”

ஆதிநாராயணன் தொண்டையைச் செருமினார். சொல்லிவிட வேண்டியதுதான் என்று வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து ஹரிகிருஷ்ணன் வந்து நின்றார்.

கையில் சங்கிலி. சங்கிலியின் மறுமுனையில் பஞ்சு மூட்டை மாதிரி ஒரு நாய், நீலக் கண்.

“ஹஸ்கி” என்றார் ஹரிகிருஷ்ணன். “பனிப்பிரதேசத்து நாயி. செஞ்சி வெயிலு ஆகாதுன்னு இதுக்குன்னு தனியா ஏசி ரூம் கட்டிட்டேன். அது கெடக்கட்டும். அண்ணே, நீங்க ரெண்டு பேரும் அனுபவஸ்தருங்க. இந்த பாலிசி போடலாமா, வேணாமா? கம்பெனிக்காரன் குடுக்கறானா? ஒளிக்காம சொல்லுங்க.”

ஆதிநாராயணன் அந்த நீலக் கண்ணைப் பார்த்தார். தனி ஏசி ரூம். இவர் கண்ணால் கண்ட முதல் நிஜமான ஏசி ரூம் நாய். வயிற்றில் மோர் கேட்கும் அந்தப் பழைய எரிச்சல், எங்கேயும் போகாமல் இருந்த இடத்திலேயே இருந்தது. ‘நாங்க பணத்தக் கட்டி ஏமாந்துட்டோம், நீயாவது பொழச்சிக்கோ’ என்று இந்த ஆளிடமா சொல்வது? இவன் மட்டும் கெட்டிக்காரன் ஆகிவிட்டுப் போவதா?

“ஏன்யா கேக்கற! சுளையா குடுத்தான். மறுநாளே அக்கவுண்ட்ல ஏறிடுச்சு” என்றார் ஆதிநாராயணன்.

“எனக்கு பொக்கேயும் குடுத்தான்” என்றார் ராஜாராம்.

விமல்ராஜ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் கண்ணில் பக்தி தெரிந்தது.

“அப்ப எனக்கு இருக்கிறதுலயே பெருசாப் போடு தம்பி” என்றார் ஹரிகிருஷ்ணன்.

“பிளாட்டினம்னு ஒண்ணு புதுசா வந்திருக்குது சார். அதுல எல்லாக் காதும் சேரும்.”

இருவரும் நாயோடு நகைக்கடைக்குள் போனார்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஹரிகிருஷ்ணன் கையெழுத்துப் போடுவது தெரிந்தது. ஆதிநாராயணனும் ராஜாராமும் வாய்விட்டுச் சிரித்தார்கள். ராஜாராம் ஆதிநாராயணன் தோளில் கை போட்டார். இருபது வருஷத்தில் இல்லாத சிநேகம். இன்னொரு டீ சொன்னார்கள்.

டீ வந்தது. ராஜாராம் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். சிரிப்பு நின்றிருந்தது.

“யோவ் ஆதி. எல்லாக் காதும் சேரும்னானே?”

“ஆமா.”

“பெரிய எடம் வேற. அந்த ஆளுக்கு மட்டும் நெசமாவே குடுத்துட்டான்னா?”

ஆதிநாராயணனுக்கு டீ கசந்தது. அவர் நகைக்கடைக் கண்ணாடியைப் பார்த்தார். உள்ளே விமல்ராஜ் டேப்லெட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்துகொண்டிருந்தான். ஆதிநாராயணன் செருப்பை மாட்டிக்கொண்டார். பக்கத்தில் ராஜாராம் வேட்டியை மடித்துக் கட்டும் சத்தம் கேட்டது. இருவரும் ஒரே சமயத்தில் பெஞ்சை விட்டு எழுந்தார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், நடந்து, வேகமாக நடந்து, கடைசியில் ஓட்டமும் நடையுமாக நகைக்கடைப் படிக்கு வந்து சேர்ந்தார்கள்.

“தம்பி, அந்தப் பிளாட்டினத்துல நம்ம சொம்புவையும் சேர்த்துடு” என்றார் ஆதிநாராயணன், மூச்சிரைக்க. “ராஜாராமுக்கு முன்னாடி என் பேர எழுது.”